கடின எஃகுக் கத்திகளுக்குக் குறைந்த செலவில் எந்தத் தீட்டுக்கல்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்சில் வசிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். அவரிடம் மூன்று கத்திகள் இருக்கின்றன: விஜி-10 எஃகில் செய்த 210 மில்லிமீட்டர் ஜப்பானியச் சமையல் கத்தி ஒன்று, நம் நாட்டுக் கத்திக் கைவினைஞர் ஒருவர் என்690 எஃகில் செய்துகொடுத்த வேட்டைக் கத்தி ஒன்று, எஸ்30வி எஃகில் ஆன மடக்குக் கத்தி ஒன்று. மூன்றும் மழுங்கிவிட்டன. ஹார்டுவேர் கடையில் வாங்கிய இருபக்கக் கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கத்தி கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறதே தவிரக் கூராவதில்லை என்கிறார். விலை உயர்ந்த கற்களை வரிசையாக வாங்கி அடுக்க வசதியில்லை என்றும், குறைந்த செலவில் எதை வாங்கினால் மூன்றுக்கும் உதவும் என்றும், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா விட்டுச்சென்ற பழைய எண்ணெய்க் கல் ஒன்று வீட்டில் கிடக்கிறதே, அது எதற்காவது ஆகுமா என்றும் கேட்கிறார்.

டர்பனுக்குத் தெற்கே உள்ள தொழிற்பேட்டை ஒன்றில், அச்சுகளும் வெட்டுக் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எஃகையும் கல்லையும் ஒன்றோடொன்று உரசியே வயிறு வளர்த்தவன் என்றாலும், வீட்டுக் கத்தியைத் தீட்டும் பொறுமை ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. ஆகவே தம்பிக்கு நேராகவே எழுதுகிறேன்.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வரட்டும். உங்களுக்குத் தேவை 1000 கிரிட் (துகளின் நுண்மையைச் சொல்லும் எண்; எண் கூடக் கூடத் துகள் நுண்ணியது) அலுமினா நீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல், ஒன்று, ஒருபுறம் 400-உம் மறுபுறம் 1000-உம் கொண்ட வைரத் தகடு ஒன்று, பயன்படாமல் கிடக்கும் ஒரு தோல் இடைவார். முதல் ஓராண்டுக்கு இதற்குமேல் ஒரு ரேண்டுகூடச் செலவழிக்க வேண்டாம். 6000, 8000 என்று எண் போட்ட நுண்கற்களை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனிக் காரணங்கள். எஃகு கடினமாக இருப்பதால்தான் சாதாரணக் கல் அதன்மேல் ஏறவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பாதி கூட உண்மையில்லை. கத்தியின் கடினத்தை ராக்வெல் சி என்னும் அளவில் சொல்வது வழக்கம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஜெர்மானிய வகைச் சமையல் கத்திகள் 56 முதல் 58 வரை இருக்கும். உங்கள் விஜி-10 ஏறத்தாழ 60 அல்லது 61 இருக்கும். என்690-ஐக் கைவினைஞர்கள் பொதுவாக 58-க்கும் 60-க்கும் இடையில் பதப்படுத்துகிறார்கள். இந்த 60 என்பதை விக்கர்ஸ் என்னும் மற்றோர் அளவில் சொன்னால் ஏறத்தாழ 700 வரும். இன்னும் கடினமான சமையல் கத்திகள் தொடும் 65-ஐ எடுத்துக்கொண்டாலும் 830-ஐ ஒட்டித்தான் வரும். சாதாரணத் தீட்டுக்கல்லில் உள்ள அலுமினாத் துகளோ 2000-க்கு மேல். அதாவது, மிக மலிவான கல்லில் உள்ள துகள்கூட உங்கள் கத்தியின் எஃகைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட கடினம் உடையது. எஃகின் கடினம் மட்டுமே தடையாக இருந்தால், எந்தக் கல்லும் எந்தக் கத்தியையும் தீட்டிவிட வேண்டும்.

தடையாக இருப்பது எஃகுக்குள் புதைந்திருக்கும் கார்பைடு என்னும் நுண்மணிகள். காங்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: சிமெண்டை ஆணியால் சுரண்டிவிடலாம், ஆனால் ஜல்லிமேல் ஆணி பட்டதும் ஆணிதான் மழுங்கும். அதுபோல எஃகு என்னும் சிமெண்டுக்குள் குரோமியமோ வனேடியமோ கரியோடு சேர்ந்து ஜல்லியாகக் கிடக்கிறது. குரோமியக் கார்பைடு விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1500 முதல் 1800 வரை இருக்கும். ஆகவே 2000-ஐத் தாண்டிய அலுமினா அதை வெட்டிவிடும். வனேடியக் கார்பைடோ 2600-ஐயும் தாண்டும்; அலுமினா அதன்முன் தோற்றுப்போகும், 2500 அளவில் நிற்கும் சிலிக்கன் கார்பைடுகூடத் திணறும். அதை வெட்ட வைரம் வேண்டும், அல்லது வைரத்துக்கு அடுத்த கடினம் உடைய கியூபிக் போரான் நைட்ரைடு வேண்டும்.

ஆகவே கல் வாங்கும்முன் ராக்வெல் எண்ணைப் பார்ப்பதைவிட எஃகின் கலவையைப் பார்ப்பதே முறை. ஜப்பானின் தகெஃபு நிறுவனம் செய்யும் விஜி-10-இல் 1 விழுக்காடு கரியும் 15 விழுக்காடு குரோமியமும் இருக்கின்றன. வனேடியம் கால் விழுக்காட்டை ஒட்டித்தான். ஆஸ்திரியாவின் போலர் நிறுவனத்தின் என்690-இல் குரோமியம் 17 விழுக்காடு, வனேடியம் வெறும் 0.1 விழுக்காடு, நம் நாட்டுக் கைவினைஞர்கள் பலர் இதை விரும்பிப் பயன்படுத்துவதற்குத் துருவைத் தாங்கும் குணத்தோடு தீட்டுவதற்கும் அடங்கிவரும் குணம் ஒரு காரணம். இந்த இரண்டு கத்திகளுக்கும் நல்ல அலுமினாக் கல் முழுமையாகப் போதும். எஸ்30வி-யில் மட்டும் 4 விழுக்காடு வனேடியம் இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள வி என்ற எழுத்தே வனேடியத்தைக் குறிப்பதுதான். அதை அலுமினாவில் தீட்டவே முடியாது என்றில்லை; சுற்றியுள்ள எஃகு தேய்ந்து கார்பைடு மணிகள் பெயர்ந்து விழ, ஏதோ ஒரு கூர் வரத்தான் செய்யும். ஆனால் நேரம் பல மடங்கு ஆகும், நுண்கல்லுக்குப் போகப் போக விளிம்பு வழவழப்பாகுமே தவிரக் கடித்து வெட்டாது. வைரத் தகடு உங்களுக்குத் தேவைப்படுவது முதன்மையாக இந்த ஒரு கத்திக்காகத்தான். மற்ற இரண்டுக்கும் அது கூடுதல் உதவி.

இங்கே ஒரு சிறு விலகலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அலுமினா என்று நான் எழுதுவது வேதியியல் பெயர். இயற்கையில் கிடைக்கும் அதே பொருளுக்கு ஆங்கிலேயர் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம் தமிழின் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கன் கார்பைடைச் செய்தபோது, அது கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். ஆக, ஹார்டுவேர் கடைக் கல்லின் பெட்டிமேலும் நம் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குருந்தம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாம் வாழும் இந்த நாட்டின் வட டிரான்ஸ்வாலிலும் தோண்டி எடுக்கப்பட்டு வெளிநாட்டுச் சாணைச் சக்கரங்களுக்குப் போயிற்று.

வைரத் தகடு என்றதும் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். கிம்பர்லியில் தோண்டிய வைரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செயற்கை வைரம் செய்து காட்டினார்கள்; 1950-களின் இறுதிக்குள் ஜோகன்னஸ்பர்க்கில் டீ பியர்ஸ் ஆய்வகமும் அதைச் செய்துவிட்டது; பின்னர் அருகிலுள்ள ஸ்பிரிங்ஸ் நகரத்தில் தொழிற்சாலை எழுந்தது. எங்கள் டூல் ரூமில் கார்பைடு வெட்டுமுனைகளைத் தீட்டிய சக்கரங்களில் இருந்ததும் இவ்வகை வைரம்தான். இன்று உலகெங்கும் இது மூட்டை மூட்டையாக உற்பத்தியாவதால், இரும்புத் தகட்டின்மேல் நிக்கல் பூச்சில் ஒரே ஓர் அடுக்கு வைரத்துகளைப் பதித்த தகடு, நல்ல நீர்க்கல்லைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. டிஎம்டி, அட்டோமா போன்ற பெயர்பெற்ற தகடுகள் விலை கூடினவை. பெயரில்லாத மலிவுத் தகடுகளும் வேலை செய்யும். ஆனால் மலிவுத் தகட்டில் இரண்டு குறைகள் உண்டு: துகள்களின் அளவு சீராக இருக்காது, நிக்கல் பிடிப்பும் வலுவாக இருக்காது. அதனால் புதுத் தகட்டில் முதலில் ஏதாவது ஒரு பழைய கத்தியையோ உளியையோ சிறிது நேரம் தேய்த்து, துருத்திக்கொண்டிருக்கும் பெருந்துகள்களை உதிர்த்துவிட்டு, அதன்பிறகே நல்ல கத்தியை வைக்க வேண்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும். நீர்க்கல்லில் அழுத்தினால் கல் தேயும், அவ்வளவுதான், அடியில் இன்னும் கல் இருக்கிறது; தகட்டில் அழுத்தினால் வைரம் பெயர்ந்துவிடும், அடியில் வெறும் இரும்பு.

வாங்கும்முன் தகட்டின் தட்டையைச் சரிபாருங்கள். கடையில் ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பைத் தகட்டின்மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வளைவு இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். மெல்லிய தகட்டை மரக்கட்டையில் ஒட்டி விற்பவற்றில் இந்த வளைவு அதிகம்.

அடுத்தது நீர்க்கல். 1000 கிரிட்டில் இரண்டு தெரிவுகளைச் சொல்கிறேன். முதலாவது கிங் 1000: விலை குறைவு, பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வேண்டும், மென்மையானது, தேய்க்கத் தேய்க்கச் சேறு விட்டுக் கத்தியோடு இழைந்து போகும், ஆனால் நடுவில் விரைவாகக் குழியும். இரண்டாவது ஷாப்டன் நிறுவனத்தின் குரோமாகு வரிசையில் ஆரஞ்சு நிறத்தில் வரும் 1000: ஊற வேண்டியதில்லை, தண்ணீர் தெளித்தால் போதும், வேகமாக வெட்டும், குழிவது மெதுவாக, விலை கிங்கைவிடக் கூடுதல், கல்லின்மேல் கத்தி போகும் உணர்வும் சற்று வறட்டுத்தனமானது. குரோமியம் மிகுந்த துருப்பிடிக்கா எஃகுக்கு இரண்டாவதுதான் என் தேர்வு, ஏனென்றால் கிங் கல்லில் விஜி-10 எடுக்கும் நேரத்தில் பாதி நேரம் அதில் போதும் என்பது என் கை கண்ட அனுபவம். ஆனால் பணம் இடித்தால் கிங்கை வாங்குங்கள். அதில் தீட்டிய கத்தியும் தக்காளித் தோலை அழுத்தாமலே அறுக்கும்.

ஒருபுறம் 1000, மறுபுறம் 6000 என்று வரும் இரட்டைக் கல்லைக் கடைக்காரர்கள் புதியவர் கையில் திணிப்பார்கள். நான் அதற்கு எதிரானவன். ஜப்பானியத் தரஅளவில் 1000 கிரிட் துகளின் சராசரி அளவு 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 6000 துகளோ 2 மைக்ரான். முன்னது போட்ட கீறலைப் பின்னது அழித்து முடிக்கப் பொறுமையும் பழகிய கையும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் 6000-இல் தேய்த்தால் கோணம் ஆடி, 1000-இல் வந்த கூரையும் உருட்டிவிடுவார். ஆட்டிறைச்சி, கோழி, வெங்காயம், முருங்கைக்காய் எல்லாம் அறுக்கிற சமையலறையில் 1000-இல் முடித்துப் பிசிறை (தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய உலோக ஓரத்தை) ஒழுங்காக எடுத்த விளிம்பு சற்றே கரகரப்பாக இருப்பதே நல்லது; அது இறைச்சி நாரைப் பற்றி இழுத்து அறுக்கும். மீனைப் பச்சையாக மெல்லிய சீவல்களாக அரிபவருக்குத்தான் 6000-இன் அருமை. கையில் கோணம் நின்றபிறகு ஆசையாக இருந்தால் 3000 ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரிட் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லா எண்ணும் ஒரே அளவுகோலில் வருவதில்லை. உப்புத்தாள் கடையில் பி என்ற எழுத்தோடு வரும் எண் ஐரோப்பிய அளவுகோல். அதில் பி1000 என்றால் 18 மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதல். அதாவது நீர்க்கல் 1000-ஐவிடக் கரடு. வைரத் தகடுகளில் சிலர் சல்லடை எண் போடுகிறார்கள்; டிஎம்டி தகட்டில் 600 என்றால் 25 மைக்ரான், 1200 என்றால் 9 மைக்ரான். பெயரில்லாத மலிவுப் பொருள்களில் போட்டிருக்கும் 10000 என்ற எண்ணுக்கு அச்சிட்ட மையின் மதிப்பைத் தவிர வேறு மதிப்பில்லை. மைக்ரான் அளவு சொல்லியிருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் விரலால் தடவிப் பார்த்து முடிவெடுங்கள்.

இதையும் வாங்க இப்போது பணமில்லை என்றால், இந்த மாதமே தொடங்க ஒரு வழி இருக்கிறது. கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளில் இருப்பது சிலிக்கன் கார்பைடுதான். பி400, பி1000, பி2000 மூன்றிலும் ஒவ்வொரு தாள் வாங்கி, தடித்த கண்ணாடித் துண்டின்மேலோ வழவழப்பான தரை ஓட்டின்மேலோ தண்ணீர் தடவி ஒட்டவைத்துத் தீட்டலாம். கத்தியை முதுகுப்பக்கம் நோக்கி மட்டும் இழுக்க வேண்டும். விளிம்பு முன்னே போனால் தாள் கிழியும். ஒரு தாளுக்கு ஆயுள் ஒரு கத்தி அல்லது இரண்டு என்பதால், ஆண்டு முழுதும் இதையே செய்தால் கல்லின் விலை போய்விடும். கை பழகுவதற்கும், உங்களுக்கு இந்த வேலை பிடிக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதைவிட மலிவான வழி இல்லை.

இப்போது உங்கள் ஹார்டுவேர் கடைக் கல்லுக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடாக இருக்கும், துகளில் குறையில்லை. பின் ஏன் வழுக்குகிறது? நேரில் பார்க்காமல் சொல்வதென்றால், முதல் ஐயம் கல்லின்மேல் இல்லை, கோணத்தின்மேல்தான். கத்தியின் வாய்ச்சரிவு, அதாவது விளிம்பை ஒட்டிய சரிவு, முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் நான்கு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். மை விளிம்பில் அப்படியே இருந்து, மேலே தோள்பகுதியில் மட்டும் அழிந்திருந்தால், நீங்கள் இதுவரை தேய்த்தது கத்தியை அல்ல, கத்தியின் கன்னத்தை. என்னிடம் கல் சரியில்லை என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் இதுதான் நோய். மை விளிம்புவரை அழிந்தும் கூர் வரவில்லை என்றால், கல்லின் மேற்பரப்பு அடைத்துப் போயிருக்கும். மலிவுக் கல்லில் துகள்களைப் பிணைக்கும் களிமண் சூளையில் வெந்து மிகக் கெட்டியாகிவிடுவதால், மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத்துகள் வெளிவருவதில்லை. அரைபட்ட எஃகுத்தூளும் துளைகளில் அடைந்து, கல் கண்ணாடிபோல் மினுங்கும். வைரத் தகட்டின் 400 பக்கத்தால் தண்ணீர் விட்டு அதைத் தேய்த்தால் கல் மறுபடி உயிர்பெறும். உடைந்த உளி, தோட்டக் கத்தி, கரண்டி போன்றவற்றுக்கு அதை ஒதுக்கிவிடுங்கள்.

கோணத்துக்கு நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு எளிது. கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, அலகின் அகலத்தில் கால்பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறத்தாழ 14.5 பாகை வரும். மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 19.5 பாகை. உங்கள் சமையல் கத்தியின் அகலம் 46 மில்லிமீட்டர் என்றால் முதுகு 11 அல்லது 12 மில்லிமீட்டர் உயர வேண்டும். அந்தத் தடிமனுக்குச் சில நாணயங்களை அடுக்கிக் கல்லின்மேல் வைத்து, முதுகை அதன்மேல் சாய்த்துக் கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் அந்த உயரத்தைப் பழக்குங்கள். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டுங்கள். சமையல் கத்திக்குக் கால்பங்கு, எலும்பிலும் மரத்திலும் படக்கூடிய வேட்டைக் கத்திக்கும் மடக்குக் கத்திக்கும் மூன்றில் ஒரு பங்கு.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பிசிறு எழ வேண்டும். கைப்பிடியை ஒட்டிய குதியிலிருந்து நுனிவரை இடைவெளியின்றி எழும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். மறுபக்கமும் அப்படியே. பிசிறு எழவில்லை என்றால் விளிம்பை நீங்கள் இன்னும் எட்டவில்லை. அதன்பின் பிசிறை எடுப்பதுதான் வேலையின் பாதி. ஜப்பானின் வெள்ளைத்தாள் எஃகு போன்ற கலப்பில்லாத கரி எஃகில் பிசிறு தானே உதிர்ந்துவிடும். விஜி-10-இன் பிசிறு பிடிவாதமானது, இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாயும். பக்கத்துக்கு ஒருமுறை மாற்றிமாற்றி, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து, பிறகு விளிம்பை மென்மரக் கட்டையின் ஓரத்தில் ஒருமுறை மெல்ல இழுத்து, மீண்டும் கல்லில் இரண்டு முறை தொட்டு எடுங்கள். கடைசியாகத் தோல்வார்: பழைய இடைவாரைப் பலகையில் ஒட்டி, சமையல் கத்திக்குக் குரோமியம் ஆக்சைடு என்னும் பச்சைப் பசையும், எஸ்30வி-க்கு 1 மைக்ரான் வைரப் பசையும் தடவிக்கொண்டால் போதும். இரண்டு பசைக்கும் ஒரே வாரைப் பயன்படுத்தாதீர்கள். இடைவார் நீளமானதுதானே, இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். வாரின்மேல் எப்போதும் முதுகுப்பக்கம் நோக்கியே இழுக்க வேண்டும்.

சமையல் கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியும் பல்லுடைவு இருந்தால் 1000-இல் தொடங்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் உடைவை 1000-இல் தேய்த்துத் தீர்ப்பதற்குள் மாலை இருட்டிவிடும். வைரத் தகட்டின் 400 பக்கத்தில் உடைவு மறையும்வரை தேய்த்து, பிறகு நீர்க்கல்லுக்குப் போங்கள். வைரம் போடும் கீறல் ஆழமானது என்பதால் 1000-இல் சற்று அதிகநேரம் நிற்க வேண்டியிருக்கும். வரிவரியான இரும்புத் தீட்டுகோலை ஜப்பானியக் கத்தியில் உரசுவதை இன்றோடு நிறுத்துங்கள். மென்மையான ஜெர்மானியக் கத்தியின் விளிம்பை அது நிமிர்த்தும், 60-க்கு மேற்பட்ட விளிம்பை உடைக்கும். உங்கள் கத்தியில் உடைவு இருந்தால், அது அங்கிருந்து வந்திருக்கவும் கூடும். இரண்டு கார்பைடுத் துண்டுகளுக்கு நடுவே கத்தியை இழுக்கும் சிறு கருவியும் அப்படியே; அது விளிம்பைச் சுரண்டிப் பிய்த்துவிடுகிறது.

மின்சாணைச் சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது விரைவான வழி என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற புதிதில், உறவுக்காரர் ஒருவரின் நல்ல கத்தியைப் பட்டறைப் பழக்கத்தில் சக்கரத்தில் வைத்து ஐந்தே நிமிடத்தில் மின்னச் செய்துகொடுத்தேன். ஒரு வாரத்தில் நுனிப்பகுதி மழுங்கித் திரும்பி வந்தது. மறுபடி தீட்டினால் மறுபடி மழுங்கியது. இவ்வகை எஃகைப் பெரும்பாலும் 200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் பதம் இறக்கியிருப்பார்கள். விளிம்பு அதற்குமேல் சூடானால் கடினம் இறங்கிவிடும். சாதாரண எஃகு நீலநிறம் காட்டி எச்சரிக்கும். துருப்பிடிக்கா எஃகில் நிறம் மாறுவது மிகவும் பிந்தித்தான் வரும் என்பதால், கண் நம்மை ஏமாற்றிவிடும். கெட்ட பகுதி முழுவதையும் கையாலேயே கல்லில் தேய்த்து நீக்கிக் கொடுத்தேன். கத்தி இரண்டு மில்லிமீட்டர் குறுகிப்போயிற்று. வீட்டுக் கத்திக்குச் சக்கரம் வேண்டாம்.

நீர்க்கல் நடுவில் குழிவது இயற்கை. பென்சிலால் கட்டங்கள் கீறி, வைரத் தகட்டின் 400 பக்கத்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், கோடுகள் எல்லாம் மறையும்போது கல் சமமாகிவிட்டது என்று பொருள். கல்லைச் சமப்படுத்தத் தனிக்கல் விற்பார்கள். அதுவே பல நேரம் சமமாக இருப்பதில்லை, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். தகட்டின் ஆயுளைக் காக்க நினைத்தால், கண்ணாடிமேல் பி120 உப்புத்தாளை ஒட்டியும் இதைச் செய்யலாம். ஊறவைக்கும் கல்லை வேலை முடிந்ததும் நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் பெட்டிக்குள் ஈரமாக மூடினால் பூஞ்சை பிடிக்கும், தகடு துருவேறும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் உள்ள உறவினருக்கு இந்தக் கல்லைக் கொடுப்பதானால், குளிர்கால இரவில் ஈரக்கல்லை வெளிக்கொட்டகையில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். உள்ளே உள்ள நீர் உறைந்தால் கல் பிளந்துவிடும்.

இனி உங்கள் தாத்தாவின் கல். கரும்பு வெட்டும் கத்தி மென்மையான எஃகு. தோட்டங்களில் அதை அரத்தால் ராவிக் கூராக்கிவிட்டு, இப்படிப்பட்ட கல்லில் இரண்டு இழுப்பு இழுப்பது வழக்கம். அரத்தின் கடினம் ராக்வெல்லில் 64-ஐ ஒட்டியது என்பதால் அது கரும்புக் கத்தியைக் கடிக்கும்; உங்கள் விஜி-10-இல் வைத்தால் ஏறக்குறைய வழுக்கிவிடும். கல்லோ அப்படியல்ல. நீங்கள் சொன்ன விவரப்படி, செங்கற்பழுப்பு நிறத்தில் எண்ணெய் ஊறி இருக்கும் அந்தக் கல் அனேகமாக அலுமினாதான். பத்தாண்டு எண்ணெயும் தூசியும் பிசினாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் வெந்நீர் விட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெயை அடுப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். பிறகு கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி அதில் சமப்படுத்துங்கள். எண்ணெய்க் கல் கெட்டியாக இருக்கும், பாதி நாள் ஆனாலும் வியப்பில்லை. எண்ணெய் குடித்த கல் இனித் தண்ணீரை ஏற்காது. ஆகவே தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயிலேயே பயன்படுத்துங்கள், சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது மறுபடி பிசினாகும். என்690 வேட்டைக் கத்திக்கு அந்தக் கல் தாராளமாகப் போதும். அதில் பழகிவிட்டால் நீர்க்கல்லைச் சமையல் கத்திக்கென்றே ஒதுக்கிவிடலாம். கல்லைக் கழுவியபின் ஒரு மூலையில் விரிசல் தெரிந்தால் பதற வேண்டாம்; கல்லை ஒரு மரப்பெட்டியில் இறுகப் பொருத்தி, விரிசல் இல்லாத பக்கத்தில் தீட்டுங்கள்.